ஒரு நாள்தான் இருக்கு: பத்மநாபபுரம் அரண்மனையா, திருவனந்தபுரம் சித்ரா கேலரியா? (ரவிவர்மா பிடிக்கும்னு சொன்னா குறைச்சலா?)

தோவாளைப்பிச்சி (இழையைத் தொடங்கியவர்)

நாகர்கோவிலிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துடணும். சுற்றிப் பார்க்கிற மாதிரி இல்லாமல், படத்தையும் சிற்பத்தையும் நின்று பார்க்கணும்னு வர்ற ரெண்டு பேருக்கு எதைச் சொல்லலாம்? கூடவே இன்னொண்ணு. ரவிவர்மா பிடிக்கும்னு சொன்னா ஓவியம் படிச்சவங்க “காலண்டர் ரசனை”ன்னு உதட்டைப் பிதுக்குறாங்க. சுவரோவியம்தான் உசத்தின்னு சொல்றாங்க. நமக்கு உண்மையிலேயே எது பிடிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

படிப்புரை

முதல்ல கிழமையைப் பாருங்க மக்கா. திங்கட்கிழமை இரண்டுமே பூட்டு. அரண்மனை நம்ம மாவட்டத்துக்குள்ளே இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறை கையில்தான் இருக்கு. அதனால தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களுக்கு உள்ள வெள்ளிக்கிழமை விடுமுறை அங்கே கிடையாது. காலை 9 முதல் 1, பிறகு 2 முதல் 4.30 வரை. நடுவில் ஒரு மணி நேரம் அடைப்பு உண்டு, அதை மறந்து 12.30க்குப் போய் நின்றால் பாதியில் வெளியே வரணும். சித்ரா கேலரி புதன்கிழமை மதியத்துக்கு மேல்தான் திறக்கும். பண்டிகை நாள்களில் இதெல்லாம் மாறும், முந்தின நாள் போனில் கேட்டுக்கிடுங்க.

இரண்டையும் ஒரே நாளில் அடைக்காதீங்க. அரண்மனையை ஒழுங்காகப் பார்க்க மூன்று மணி நேரம் வேணும். தக்கலையில் இறங்கினால் 2 கி.மீ. தான். திருவனந்தபுரம் என்றால் நாகர்கோவில் ஜங்ஷனில் ரயில் ஏறுவது மேல். பஸ்சில் போனால் களியக்காவிளை தாண்டியதும் நெரிசலில் பாதித் தெம்பு போயிடும். அப்புறம் எந்தப் படத்தைப் பார்த்தாலும் உட்கார இடம் இருக்கான்னுதான் கண் தேடும்.

என் ஓட்டு: முதல் தடவை அரண்மனை.

எண்ணெய்ச்சாயம்

படிப்புரை அண்ணாச்சி, அரண்மனை ஓட்டு சரி. ஆனா கேள்வியில் பாதி ரவிவர்மா. அவருக்கு அரண்மனையில் பதில் கிடைக்காது. அங்கே தொங்குற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா, அவரிடம் சரணடைஞ்ச டச்சுத் தளபதி டிலனாய் படங்கள் வரலாற்றுக் காட்சியை விளக்குறதுக்கு வரைஞ்சவை. எண்ணெய் ஓவியம் என்ன செய்ய முடியும்னு பார்க்க அவை போதாது.

“காலண்டர் ரசனை”ன்னு சொல்றவங்களுக்கு ஒரு விவரம். அவங்க பார்த்தது பெரும்பாலும் ரவிவர்மாவை இல்லை, அவர் அச்சகத்தின் ஓலியோகிராஃபை (எண்ணெய் ஓவியம் போலத் தோணுற வண்ண அச்சுப் படத்தை). 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிற்பாடு அது லோனாவாலா பக்கம் போய், ஜெர்மானியரான ஷ்லைக்கரின் கைக்கு மாறியது. லித்தோ (கல்லச்சு) முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒரு கல் மயிரிழை நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி நிற்கும். மேலே வார்னிஷ் பூசி, கித்தான் (கேன்வாஸ்) நெசவு மாதிரி அச்சுப் பதித்து, எண்ணெய் ஓவியம் போலக் காட்டுவார்கள்.

எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? வடசேரி நகைக்கடைகளில் கல் பார்க்க வெச்சிருக்கிற 10 மடங்கு லென்ஸ் போதும். அச்சுப் படத்தில் கன்னத்து நிழல் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடையும். “நெசவு” படம் முழுக்க ஒரே ஆழத்தில் இருக்கும், சாயம் தடித்த இடத்திலும் அப்படியே. அசல் ஓவியத்தில் நிழல் பகுதியில் சாயம் மெல்லிசாகக் கித்தான் இழை தெரியும், வெளிச்சம் விழும் இடத்தில் தடிப்பு ஏறி இழை மறையும். படத்தின் கீழ் ஓரத்தில் ‘ரவி வர்மா பிரஸ், கார்லா லோனாவாலா’ன்னு ஆங்கிலத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அச்சுதான். பழைய வீடுகளில் ரசக்கண்ணாடி ஓரமா மாட்டியிருக்கிற லட்சுமி, சரஸ்வதி எல்லாம் இந்த வகையும் இதைப் பார்த்துப் பின்னால் போட்ட நகல்களும்.

சித்ரா கேலரி 1935இல் தொடங்கியது. அங்கே இருந்த ரவிவர்மா படங்கள் 2023இல் அதே அருங்காட்சியக வளாகத்தில் திறந்த ராஜா ரவிவர்மா கேலரிக்கு மாறிடுச்சு. அங்கே ‘ஹம்ச தமயந்தி’ (1899) முன்னால் நில்லுங்க. சேலையைப் பாருங்க. தூரத்தில் இருந்து பார்த்தா ஜரிகை மின்னும். ரெண்டடி கிட்டே போனா ஜரிகைன்னு ஒண்ணே கிடையாது. பழுப்புக் கோட்டின் மேல் அங்கங்கே மஞ்சளும் வெள்ளையுமா சின்னத் தொடுகை, அவ்வளவுதான். மிச்சத்தை நம்ம கண் நிரப்புது. இந்தத் திறமை காலண்டரில் இறங்கவே இறங்காது. அச்சில் மிஞ்சுறது முகமும் நிற்கிற கோலமும் மட்டும்.

சுண்ணாம்பும்காவியும்

எண்ணெய்ச்சாயம் சொல்ற ஜரிகை விவகாரம் ஒத்துக்கிறேன். ஆனா ரவிவர்மாவின் பெண்கள் நாடக மேடையில் நிற்கிறாங்க. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருது, கழுத்து ஒரு பக்கம் திரும்புது, கை எதையோ சுட்டுது. படத்துக்கு முன்னால் ஒரு பார்வையாளர் கூட்டம் இருக்குன்னு அந்தப் படத்துக்கே தெரியும். சுவரோவியத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்தும் வராது, உருவமே வெளிச்சம்.

அரண்மனையில் உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில்தான் சுவரோவியங்கள் இருக்கு. பாதுகாப்புக்காகப் பொதுவாக அங்கே ஏற விடுறதில்லை. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க, இல்லாட்டி காவலாளியிடம் வாக்குவாதம் பண்ணி நேரம் போகும். இந்தக் குறைக்கு ஆறுதலா சித்ரா கேலரியில் சுவரோவிய நகல்கள் இருக்கு. நகல் நகல்தான், ஆனா கண் மட்டத்தில் நின்று கோட்டைப் பார்க்கலாம்.

செய்முறை தெரிஞ்சா பார்வை மாறும், அதனால சொல்றேன். கல் அல்லது செங்கல் சுவரில் முதல் பூச்சு சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு அல்லது மூன்று பங்கு, கடுக்காய் ஊறின தண்ணியும் கருப்பட்டி அல்லது வெல்லத் தண்ணியும் விட்டுக் குழைச்சது. அடுத்த பூச்சில் மணலைச் சலிச்சுப் பஞ்சு சேர்த்து இடிப்பாங்க, வெடிப்பு விழாமல் இருக்க. கடைசியாகச் சுண்ணாம்பை இளநீரில் கரைச்சு இருபத்தைந்து முப்பது தடவை தூரிகையால் தேய்க்கணும். ஒவ்வொரு தடவையும் காய விட்டுத்தான் அடுத்தது. அவசரப்பட்டால் மேல்தோல் பொரிப்பொரியாக உதிரும்.

காய்ந்த சுவரில்தான் வரைவது. ஈரச் சுவரில் வரையும் இத்தாலி முறை வேறே. அங்கே நிறம் சுண்ணாம்புக்குள் இறுகிடும். இங்கே நிறத்தைப் பிடிச்சு வைக்கிறது வேப்பம் பிசின். அதனாலதான் நம்ம சுவரோவியத்தின் முதல் எதிரி தண்ணீர். ஓடு ஒழுகி ஒரு மழைக்காலம் சுவர் நனைந்தால் பிசின் ஊறி, உள்ளே இருக்கிற உப்பு வெளியே பூத்து, நிறத்தைத் தள்ளிக்கிட்டு வந்துடும். தெரியாமல் அந்த இடத்தில் சிமெண்ட் பூசினால் இன்னும் மோசம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் பக்கத்தில் இருக்கிற ஓவியம் வழியாத்தான் வெளியேறும்.

நிறம் ஐந்து. மஞ்சளும் சிவப்பும் காவிக்கல், கறுப்பு நல்லெண்ணெய் விளக்குப் புகை, பச்சைக்கு நீல அமரியோடு (அவுரி) எருவிக்கறை என்கிற மஞ்சள் மரப்பிசின் சேர்ந்தது. வெள்ளைக்குத் தனி நிறமே கிடையாது, சுவர்தான் வெள்ளை. விட்ட இடம் எல்லாம் வெள்ளை. முதலில் மஞ்சளில் உருவம், பிறகு சிவப்பில் கோடு, அப்புறம் மெல்லிய நிறத்திலிருந்து அடர்ந்த நிறத்துக்கு. நிழலைப் புள்ளி புள்ளியாக வைத்து உருட்டுவாங்க. கடைசியில் கறுப்புக் கோடு. அந்தக் கடைசிக் கோட்டில் கை நடுங்கினால் திருத்த வழியில்லை.

பார்வதிபுரத்தான்

எல்லாம் சரி அண்ணே. ஆனா கேட்டவங்க கேட்டது “எனக்கு எது பிடிக்கும்னு எப்படித் தெரியும்”. நீங்க ரெண்டு பேரும் எது உசத்தின்னு பேசுறீங்க.

சுண்ணாம்பும்காவியும்

ஹாஹா, சரிதான். ஆனா வேப்பம் பிசின் தெரியாமல் அதைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு எப்படிச் சொல்றது?

பார்வதிபுரத்தான்

தெரியாமலேதான் முதலில் பார்க்கணும். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அறைக்குள்ளே போனதும் லேபிளைப் படிக்காதீங்க. ஒரு சுற்று நடந்து, எங்கே கால் தானா நிற்குதோ அங்கே மட்டும் நில்லுங்க. ஒரு அறைக்கு மூன்று போதும். பெரிய படம் என்றால் அதன் மூலைக்கு மூலை அளவைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று முழுசாப் பாருங்க, பிறகு கையெட்டும் தூரத்துக்கு வாங்க, மறுபடி பின்னால் போங்க. சட்டத்துக் கண்ணாடியில் ஜன்னல் தெரிஞ்சால் ஒரு பக்கமா ரெண்டடி நகர்ந்தா போதும். ஐந்து நிமிஷம் ஒரே படத்தின் முன் நிற்கிறது நீளமாத்தான் தெரியும். முதல் ஒரு நிமிஷம் கதையைப் பார்ப்போம், யாரு, என்ன நடக்குதுன்னு. அது தீர்ந்த பிறகுதான் கண் வேறே எதையாவது பிடிக்கும். அப்படி எதைப் பிடிச்சுதுன்னு ஒரு வரி எழுதுங்க. “நல்லா இருக்கு”ன்னு எழுதக் கூடாது. “இடது கை விரல் மட்டும் முடிக்காத மாதிரி இருக்கு”, “பின்னால் இருக்கிற மலை முகத்தைவிட முக்கியமாப் படுது”ன்னு எழுதணும். பென்சில்தான். பேனாவை நிறைய காட்சிக்கூடங்களில் அனுமதிக்க மாட்டாங்க, மை சிதறினால் துடைக்க முடியாது.

அதுக்கப்புறம் லேபிள். வருஷம், சாயம், எந்த ஊர். வீட்டுக்கு வந்து வரிகளைப் படிச்சா ஒரு சாய்வு தெரியும். கோட்டைப் பற்றியே எழுதியிருக்கீங்களா, வெளிச்சத்தைப் பற்றியா, பொருளோட தொடுகையைப் பற்றியா, இல்லை கதையை விட்டு வெளியேவே வரலையா. கதையிலேயே நின்னாலும் தப்பில்லை. ஆனா அது உங்க ரசனைன்னு தெரிஞ்சுக்கிட்டு நிக்கணும்.

பிடிக்காததையும் எழுதுங்க. அதில்தான் ஆள் மாட்டுவாங்க. சித்ரா கேலரியில் ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்கின் இமயமலைப் படங்கள் இருக்கு. பலருக்கு முதல் பார்வையில் போஸ்டர் மாதிரி இருக்கும். தட்டையான நீலம், ஊதா. ஏன் பிடிக்கலைன்னு எழுதிப் பாருங்க. “மினுக்கம் இல்லை”ன்னு வந்தால், உங்க கண்ணுக்கு எண்ணெயின் வழவழப்பு பழகிப்போச்சுன்னு அர்த்தம். ரோரிக் பெரும்பாலும் டெம்பரா ஆள், எண்ணெய் இல்லாத சாயம், மேற்பரப்பு சுண்ணாம்புச் சுவர் போல மங்கலாத்தான் இருக்கும். சுவரோவியம் பிடிச்சவங்களுக்கு ரோரிக் சீக்கிரம் ஒட்டுவார், ரவிவர்மா பிடிச்சவங்களுக்கு நேரம் எடுக்கும். இது என் அனுமானம்தான், சட்டம் இல்லை.

மயிலாடிஉளி

எல்லாரும் படத்திலேயே நிக்கிறீங்க. நம்ம மாவட்டத்தோட பலம் கல்லும் மரமும். 

அரண்மனையில் பூமுகத்தில் (முகப்பு மண்டபம்) நுழைஞ்சதும் எல்லாரும் தொங்குற குதிரை விளக்கைப் பார்ப்பாங்க. வழிகாட்டி அதைத் திருப்பிக் காட்டுவார். அது நடக்கும்போது நீங்க மேலே பாருங்க. மரக் கூரையில் 90 பூக்கள், ஒவ்வொண்ணும் வேறே மாதிரி. அரண்மனையின் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தில் ஏகாந்த மண்டபத்துப் பலாமரத் தூண் அதைவிடப் பெரிய சங்கதி. பலா இழை ஒரு சீராகப் போகாது. இழைக்கு எதிராக உளி போனால் இதழ் நுனி பிய்ந்துவரும். அதனால் தச்சர் ஒவ்வொரு இதழுக்கும் உளியின் திசையை மாத்தணும். தூணைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் வெட்டு திரும்பின இடங்கள் தெரியும். நேராக ஃபிளாஷ் அடிச்சுப் படம் எடுத்தால் அது எல்லாம் தட்டையாப் போயிடும்.

அதே விதி சிதறால் சமணக் குன்றுக்கும். மார்த்தாண்டத்திலிருந்து பக்கம்தான். பாறை முகத்தில் தீர்த்தங்கரர்கள், பாம்புக் குடையோடு பார்சுவநாதர், சிங்கமும் குழந்தைகளும் சூழ அம்பிகை. ஒன்பதாம் நூற்றாண்டு, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு உண்டு. புடைப்புச் சிற்பம் ஆழம் குறைவு. உச்சி வெயிலில் போனால் “ஒண்ணுமே இல்லையே”ன்னு திரும்பி வருவீங்க. காலை 8க்கு முன்னால் அல்லது சாயங்காலம் 4க்கு மேல் சாய்ந்த வெயிலில் போங்க. முகங்கள் தேய்ஞ்சிருக்கு. அதனால் தோள், இடுப்பு, உட்கார்ந்த கோலத்தின் எடை இதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். முகத்தைப் பார்த்தே பழகின நமக்கு அது நல்ல பயிற்சி.

விலைக்கு வாங்குறவங்களுக்கும் ஒண்ணு. எங்க மயிலாடி ஊர்க் கல் சிற்பத்தில் கடையில் எண்ணெய் தேய்ச்சுப் பளபளன்னு வெச்சிருப்பாங்க. ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைச்சுப் பார்க்கச் சொல்லுங்க. மூக்கு, விரல் நுனி, நகை இடுக்கு மூணும் சுத்தமாத் தீர்ந்திருந்தா வேலை நல்ல வேலை. இடுக்கில் உளித்தடம் அப்படியே கிடந்தா அவசர வேலை.

தோவாளைப்பிச்சி

மயிலாடி அண்ணே, கல்லைத் தொட்டுப் பார்க்கலாமா?

மயிலாடிஉளி

கடையில் தாராளமா. அரண்மனையிலும் சிதறாலிலும் கூடாது. கை எண்ணெயும் வியர்வை உப்பும் ஒரே இடத்தில் ஆயிரம் பேர் தொட்டா கறுப்பாப் படியும். கோயில் தூண்களில் இடுப்பு உயரத்தில் மட்டும் பளபளன்னு கறுத்திருக்கிறது அதுதான்.

எண்ணெய்ச்சாயம்

கேலரியில் ஏன் இருட்டா இருக்குன்னு நிறைய பேர் முனகுவாங்க. அதுக்கும் காரணம் சொல்லிடறேன். காகிதம், நீர்வண்ணம், துணி இதுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரைதான் பொதுவா ஒப்புக்கொண்ட அளவு. வெயிலில் வெளியே நிற்கும்போது அது பல பத்தாயிரம் லக்ஸ். வெளிச்சம் செய்கிற சேதம் கூடிக்கொண்டே போகும், குறையாது. உள்ளே போனதும் ரெண்டு நிமிஷம் வாசல் பக்கம் நின்று கண்ணைப் பழக்கிட்டு முதல் படத்துக்குப் போங்க.

நம்ம கடற்கரைக் காற்றில் எண்ணெய் ஓவியத்துக்கு இன்னொரு பாடு உண்டு. மழைக்காலத்தில் கித்தான் தொய்யும், மாசி பங்குனியில் இறுகும். சாயத்துக்கு அந்த இழுப்பு தாங்காது, மூலைகளில் வலை மாதிரி வெடிப்பு விழும். வார்னிஷ் சில பத்தாண்டுகளில் மஞ்சளாகும். பழைய படத்தில் வானம் பச்சையாத் தெரிஞ்சால் ஓவியர் அப்படி வரைஞ்சார்னு முடிவு பண்ணாதீங்க, நீலத்தின் மேல் மஞ்சள் வார்னிஷ் உட்கார்ந்திருக்கலாம். சட்டத்தின் ஓரம் மறைச்சிருக்கிற இடத்தில் ஒரு கீற்று அசல் நிறம் சில சமயம் எட்டிப்பார்க்கும்.

காலண்டரை அவ்வளவு சுலபமாத் தள்ளவும் வேண்டாம். ரவிவர்மாவுக்கு எண்ணெய்ச்சாயத்தை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கலை. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் கற்றுக்கொடுக்கலை, 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சன் வரையும்போது பார்க்க மட்டும் விட்டார். அப்படி எடுத்த வித்தை அச்சுக்குப் போய், அங்கிருந்து நாடகத் திரைச்சீலைக்குப் போய், கோவில்பட்டியில் காலண்டர் ஓவியர் கொண்டையராஜு கையில் வேறே ஒரு சங்கதியாச்சு. அவர் தெய்வங்களின் கன்னத்தில் எந்த நிழலும் கறுப்பாகாது, ரோஜாச் சிவப்பாத்தான் இறங்கும். சிவகாசி அச்சுக்கு அது பொருந்தியது. ஆக “காலண்டர்” என்பதிலும் ரெண்டு மூணு தனித்தனி ரசனை இருக்கு. எதைப் பிடிக்கலைன்னு சொல்றவங்க எந்தக் காலண்டர்னு சொல்லணும்.

சுண்ணாம்பும்காவியும்

இதுக்கு நான் எதிர்வாதம் வைக்கலை. கொண்டையராஜுவின் ரோஜா நிழலும் எங்க சுவரோவியப் புள்ளி நிழலும் ஒரே காரணத்துக்காக வந்தவைதான். தெய்வத்தின் முகத்தில் இருட்டு விழக்கூடாது. ரவிவர்மாதான் அங்கே இருட்டை விட்டார். எனக்கு அவர் ஒட்டாததுக்கு அதுவே காரணமா இருக்கலாம்.

பார்வதிபுரத்தான்

இது சரியான வாக்கியம். “உசத்தி”, “மட்டம்” எதுவும் இல்லை, ஆனா உங்க ரசனை முழுசா இதில் இருக்கு.

அப்போ பிச்சி அக்காவுக்கு ஒரு வேலை. ஒரே உருவத்தை எடுத்துக்கிட்டு மூணு இடத்தில் பாருங்க. அனந்தசயனம் நல்ல தேர்வு. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கடுசர்க்கரைப் (மண், பிசின் எல்லாம் சேர்ந்த கலவை) படிமம், 22 அடி. மூணு வாசல் வழியாத்தான் முழுசாப் பார்க்கணும், ஒரே பார்வையில் அடங்காது. அதே கோலம் சுவரோவியத்தில் எப்படி ஒரு சதுரத்துக்குள் மடங்குதுன்னு நகலிலோ புத்தகத்திலோ பாருங்க. பிறகு வீட்டுக் காலண்டர். எதில் பாம்பு முக்கியம், எதில் முகம் முக்கியம், எதில் கண் முதலில் எங்கே போகுது. சாமி கும்பிடுற இடத்தில் நோட்டை எடுக்க வேண்டாம், வெளியே வந்து எழுதினா போதும்.

தோவாளைப்பிச்சி

ரொம்ப நன்றி. அப்போ முதல் நாள் அரண்மனை, சித்ரா கேலரியை வேறொரு கிழமைக்கு வெச்சுக்கிறோம். வர்றவங்களில் ஒருத்தருக்கு முட்டுவலி. அரண்மனை ஒத்துவருமா?

படிப்புரை

கொஞ்சம் சிரமம்தான். படிகள் மரத்தில், குறுகல், செங்குத்து. மந்திரசாலை (மன்னர் ஆலோசனை நடத்தின மண்டபம்) மாடியில் இருக்கு, அங்கே ஏறினால்தான் வண்ண மைக்கா ஜன்னல் வழியா விழுற மங்கல் வெளிச்சத்தைப் பார்க்க முடியும். ஒரே பக்கமாப் போற வழி, பாதியில் திரும்பிவர விட மாட்டாங்க, அதனால் நுழையும்போதே காவலாளியிடம் சொல்லி வையுங்க. வாசல் நிலைகள் தாழ்வு, உயரமானவங்க தலையைப் பார்த்துக்கிடணும். செருப்பை வெளியே விடணும். கறுப்புத் தரை நிழலில் சில்லுன்னு இருக்கும், முற்றத்துக் கல் மதியத்தில் சுடும். காலை 9க்கே நுழைந்தால் ரெண்டு தொல்லையும் குறையும், பள்ளிக்கூடச் சுற்றுலாக் கூட்டமும் வந்திருக்காது.

ஏற முடியாதவங்களை நவராத்திரி மண்டபத்தில் உட்கார வைக்கலாம். கல் தூண்கள் அங்கே தரையோடு இருக்கு. பக்கத்தில் அரண்மனைப் பெண்கள் மறைஞ்சிருந்து நடனம் பார்த்த மரத் தட்டியும் தெரியும்.

மயிலாடிஉளி

அந்தத் தட்டியின் துளைகளை உள்பக்கமா இருந்து பார்க்க முடிஞ்சா பாருங்க. வெளியே சின்னதா, உள்ளே அகலமா சரிச்சு வெட்டியிருந்தா கண்ணுக்குக் கோணம் கூடுதல் கிடைக்கும். எந்தப் பக்கம் சரிவுன்னு பார்த்துட்டு இங்கே எழுதுங்க.